மூவாயிரம் ஆண்டு மிளகாய்

ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் இரண்டே வகை. ஒன்று மரண அறிவித்தல். மற்றது, "ரீச்சர், உங்களிட்டை ஒண்டு கேக்கலாமோ?" என்று தொடங்குவது. முதலாவதில் பேசுகிறவருக்கு அவசரம் இருக்காது. இரண்டாவதில் எனக்கு அவசரம் இருக்காது.

போன மாதம் வந்தது இரண்டாவது வகை. பாரிஸின் லா சப்பலில் நான் இருபத்திரண்டு வருடம் படிப்பித்த கல்விக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் அபிரா என்ற ரீச்சர் பேசினார். பாரிஸுக்குப் பக்கத்து பியர்ஃபித்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கல்விக்கூடம் இப்போது வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. கரும்பலகை இருந்த இடத்தில் பெரிய திரை வந்திருக்கிறது. விரலால் தொட்டால் கொலம்பஸின் மூன்று கப்பல்களும் தாமாகவே கடலைக் கடந்து போகுமாம்.

"கப்பல் வடிவாப் போகுது ரீச்சர். பிள்ளையள்தான் நித்திரை கொள்ளுகினம்" என்றார் அபிரா. "நீங்கள் அமெரிக்காவை எப்பிடிப் படிப்பிச்சனீங்கள்? மிளகாய்க்காகக் கடைக்காரரோடை நேருக்கு நேர் நிண்டு உண்மையை நிலைநாட்டினனீங்களாமே. அதை ஒருக்காச் சொல்லுங்கோ."

இந்தக் கதை இப்படித்தான் ஊரில் உலாவுகிறது. ஒருவர் வாயில் நான் மேசையில் அடித்துப் பேசியிருக்கிறேன். இன்னொருவர் வாயில் மிளகாய்த்தூளையே அள்ளி எறிந்திருக்கிறேன். நான் அபிராவிடம் தலைவலி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். பொய்தான். உண்மையை ஆறுதலாக எழுதிக் கொடுப்பது நல்லது என்று பட்டது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மன்னாரில் பிறந்தேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி பெற்றேன், அதில் பாதி பதுங்கு குழியில். பாரிஸுக்கு வந்து ஐந்து வருடம் அலுவலகங்களில் நிலம் துடைத்தேன். பிரெஞ்சு வாசிக்கப் பழகியதும் அங்கேதான், குப்பைக் கூடைக்குள் கிடந்த கடதாசிகளை எடுத்து வாசித்து. அதனால் இன்றைக்கும் எனக்குக் காதல் கடிதம் எழுதுகிற பிரெஞ்சைவிட முறைப்பாட்டுக் கடிதம் எழுதுகிற பிரெஞ்சுதான் நன்றாக வரும். பிறகு கல்விக்கூடத்தில் சரித்திர ரீச்சர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். புதன் பின்னேரமும் சனிக்கிழமையும் வகுப்பு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற சரித்திரத்தையே எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழும் பிரெஞ்சும் கலந்து விளங்கப்படுத்த வேண்டும்.

கல்விக்கூடத்தின் அதிபர் குணநாயகம் சேர். ஊரில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். பாரிஸில் குடியேறி எத்தனையோ வருடமாகியும், அவருடைய மனதில் அடுத்த கிழமை வட்டாரக் கல்வி அதிகாரி பரிசோதனைக்கு வரப்போகிறார். பாடக்குறிப்பு எழுதாமல் ஒரு ரீச்சரும் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. நோக்கம், உபகரணம், படிமுறை, பெறுபேறு என்று நாலு நிரல். அதைக் காட்டினால்தான் வெண்கட்டி தருவார். ஒரு பாடத்துக்கு ஒரு வெண்கட்டி. முடிந்ததும் மிச்சத் துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துண்டைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்து, "இண்டைக்குக் கன எழுத்துப் போலை" என்பார்.

அவர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. எதற்கும் "நல்லது" என்பார். ஆனால் மூன்று நல்லது இருந்தன. கெதியாகச் சொன்னால் சம்மதம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னால், செய்யுங்கள், வந்த பிறகு பார்ப்போம் என்று பொருள். வரவு இடாப்பை மூடிவிட்டுச் சொன்னால், நாசமாய்ப் போச்சு. மற்றப்படி தங்கமான மனிதர். குளிர்காலத்தில் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்து ஹீற்றரைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் வரும்வரை தான் கோட்டோடு வெளியே நிற்பார். உள்ளே இருந்தால் சூட்டை வீணாக்குகிறோம் என்று ஒரு நினைப்பு.

வகுப்பில் ஒரு பழைய உலகத் தேசப்படம் தொங்கியது. அதில் இலங்கை ஒரு புள்ளி. பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் தேடுகிறார்கள் என்று சேர் ஒருநாள் பச்சைப் பேனாவால் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். நான் சேர்ந்தபோது இலங்கை மடகஸ்கார் அளவுக்கு வளர்ந்து நின்றது. கொலம்பஸ் கையில் அந்தப் படம் இருந்திருந்தால் வழி தவறியிருக்க மாட்டார்.

வகுப்பு நடந்தது ஒரு பலசரக்குக் கடையின் நிலக்கீழ் அறையில். கடைக்காரர் சிவராசா அண்ணை. அரிசி மூட்டைகளுக்கு நடுவே போகிற படியால் இறங்கினால் பிள்ளைகள் இருக்க ஆறு வாங்கு, ஒரு கரும்பலகை, முப்பத்துநாலு பிள்ளைகள். வாடகை வாங்கமாட்டார். "நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான் ரீச்சர். என்ர கடைக்குக் கீழை ஒரு பள்ளிக்கூடம் நடக்குது எண்டு சொல்ல எனக்கு ஒரு சந்தோசம்" என்பார். கடையில் ஆள் இல்லாத நேரம் படியில் வந்து நின்று பாடத்தைக் கேட்பார். நான் சிவப்புப் பேனாவால் கொப்பி திருத்துவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒருநாள், "உந்தப் பேனாவைப் பிடிச்சு ஒரு பிழை போட்டுப் பாக்க வேணும் எண்டு சின்னனிலை எனக்கு ஆசை" என்றார். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் சொந்தமாக மிளகாய்த்தூள் போட்டார். ஒபர்வில்லியேயில் ஒரு சின்னப் பட்டறையில் வறுத்து அரைத்து, சிவப்புப் பைக்கற்றில் அடைத்து விற்றார். நல்ல தூள், குறை சொல்ல முடியாது. பைக்கற்றின் முகப்பில் பொன்னிறத்தில் அச்சடித்திருந்தது: "மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியச் சுவை." அந்த வசனம் அவரே யோசித்தது. எட்டாம் வகுப்போடு நின்றவர் எழுதி அச்சில் ஏறிய ஒரே வசனம். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் பெரும் கண்டுபிடிப்புப் பயணங்கள் என்று ஒரு பகுதி வரும். அந்த வருடம் நான் முதல் நாள் ஒரு கேள்வியோடு தொடங்கினேன். ஏற்கெனவே சனம் இருந்த இடத்துக்குப் போவது எப்படிக் கண்டுபிடிப்பாகும்? வகுப்பு யோசித்தது. பத்து வயது ஆரணி கை உயர்த்தினாள். கூசேன்வில்லில் இருந்து ரயிலில் வருகிற பிள்ளை. எதையும் கணக்குப் பார்த்துத்தான் நம்புவாள்.

"எங்கட மாமா கூசேன்வில்லைக் கண்டுபிடிச்சவர் ரீச்சர்."

"எப்பிடிப் பிள்ளை?"

"அவர்தான் முதல் முதல் அங்கை வீடு எடுத்தவராம். எல்லாக் கலியாண வீட்டிலையும் சொல்லுவார்."

"அதுக்கு முந்தி அங்கை ஆக்கள் இருக்கேல்லையோ?"

"இருந்தவை. ஆனா எங்கட ஆக்களுக்குத் தெரியாது."

அதைவிட நல்ல விளக்கத்தை நான் ஒரு புத்தகத்திலும் வாசித்ததில்லை. அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அன்றைக்கு வெண்கட்டித் துண்டு சின்னதாகத்தான் திரும்பியது.

அடுத்த வகுப்புகளில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் கதையைச் சொன்னேன். மலை உச்சியில் நூற்றுக்கணக்கான விதமாக உருளைக்கிழங்கு விளைவித்தவர்கள், சோளத்தைப் புல்லிலிருந்து பயிராக்கி எடுத்தவர்கள், கொக்கோவை அரைத்துக் குடித்தவர்கள், மிளகாயை முதன்முதலில் வீட்டுத் தோட்டத்தில் நட்டவர்கள். கப்பல்கள் வந்த பிறகு அவர்களுக்கு நடந்ததையும் சொன்னேன். நோயாலும் வாளாலும் ஊர் ஊராக அழிந்தார்கள், நிலம் போனது. பிள்ளைகளில் ஒருத்தி, "எல்லாத்தையும் குடுத்தவைக்கு ஒண்டும் மிஞ்சேல்லை" என்றாள். அந்தக் கவலையோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அவர்கள் கொடுத்தது இன்றைக்கும் எங்கள் சோற்றுக் கோப்பையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அங்கேதான் என் புத்தி கோணியது.

பாடக்குறிப்பு எழுதினேன். நோக்கம்: அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களை அடையாளங் காணல். உபகரணம்: கடை. சேர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது" என்றார்.

விலை ஒட்டுகிற சின்ன ஸ்ரிக்கர்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் "அமெரிக்கா" என்று பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்தேன். ஆளுக்குப் பத்து. மேலே போய், கடையில் எது அமெரிக்காவிலிருந்து வந்த பயிரோ அதில் ஒட்ட வேண்டும், பிறகு நான் சரி பிழை பார்ப்பேன், கடைசியில் எல்லாவற்றையும் உரித்துவிட்டு இறங்க வேண்டும். சிவராசா அண்ணையிடம் அனுமதியும் கேட்டேன். அவர் தொலைபேசியோடு நின்றார். "அண்ணை, பிள்ளையள் சாமானிலை கொஞ்சம் ஸ்ரிக்கர் ஒட்டலாமோ?" என்றேன். "ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார். அந்த ஓம் எனக்கு இல்லை, தொலைபேசியில் பேசியவருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

முப்பத்துநாலு பிள்ளைகளும் கடைக்குள் இறைந்தார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாசி, கொய்யா, அன்னாசி, அன்னமுன்னா, கச்சான், கஜு, சோளம், வத்தாளங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் அமெரிக்காவாகின. பச்சை மிளகாய்ப் பெட்டி, செத்தல் மிளகாய் மூட்டை, கடைசியில் மிளகாய்த்தூள் அடுக்கிய தட்டு முழுக்க. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஒடியலும்தான் தப்பின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி பிழை பார்த்து முடிக்கும்போது ஐந்து மணி. கார் து நோர் நிலையத்தில் கூசேன்வில் ரயில் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் பறந்தார்கள், தாய் தகப்பன்மார் வாசலில் நின்றார்கள், நானும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். உரிப்பதை மறந்து போனேன்.

சனி பின்னேரம் லா சப்பலில் கடைகளுக்குக் கூட்டம் வருகிற நேரம். நடந்ததை ஞாயிறு காலையில் சேர்தான் தொலைபேசியில் சொன்னார். ஒரு அம்மா மரவள்ளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஊர் மரவள்ளி வேணும். உது அமெரிக்கன்ரை, ரொக்கெட் மருந்து அடிச்சிருப்பான்" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் அமெரிக்கச் சாமான் என்றால் தரமாகத்தான் இருக்கும் என்று பப்பாசி முழுவதையும் கேட்டாராம். சிவராசா அண்ணை இரண்டு பேரையும் சமாளித்திருப்பார். சமாளிக்க முடியாமல் போனது ஆரணியைத்தான். ரயிலுக்கு ஓடுவதற்கு முன் காசு மேசைக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்க, பைக்கற்றைக் காட்டிக் கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், மிளகாய் கப்பல்லை வந்து ஐந்நூறு வருசம்தான். இதிலை மூவாயிரம் எண்டு கிடக்கு. ஆர் கூட்டினது?"

வரிசை சிரித்திருக்கிறது. சிவராசா அண்ணை சிரிக்கவில்லை.

"அவர் ரெண்டு சொல்லுறார் ரீச்சர்" என்றார் சேர். "வாற சனிக்கிழமை பிள்ளையளுக்கு முன்னாலை நீங்கள் மிளகாய் எங்கட எண்டு திருத்திச் சொல்ல வேணுமாம். இல்லையெண்டால் மாத முடிவோடை அறையை விடட்டாம்." தொலைபேசிக்கூடாகவே இடாப்பு மூடுகிற சத்தம் கேட்டது. "நல்லது" என்றார்.

திங்கட்கிழமை நானே கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். ஸ்ரிக்கர் விஷயத்தை அவர் மன்னித்துவிட்டார். மிளகாயை மன்னிக்கவில்லை.

"ரீச்சர், என்ர அம்மா அம்மியிலை அரைச்சது மிளகாய். அவவின்ரை அம்மா அரைச்சது மிளகாய். எங்கட கை எரிஞ்சு எரிஞ்சு அரைச்சதை, கடலுக்கு அங்காலை இருக்கிறவன்ரை எண்டு சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியள்."

"அண்ணை, போர்த்துக்கேயர் கொண்டு வந்தது. சரித்திரம்."

"நீங்கள் வேதக்காரி. போர்த்துக்கேயனுக்குப் பின்னாலைதான் நிப்பியள்."

எனக்குச் சுள்ளென்றது. வெளியே வந்து பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது, என் மதமும் மிளகாயும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவைதானே, மிளகாயை மட்டும் எப்படி ஒரு கேள்வியும் இல்லாமல் வீட்டுக்குள் விட்டார்கள் என்று யோசித்தேன். மிளகாய் பிரசங்கம் வைப்பதில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க அறை தேடினோம். நகரசபையில் விண்ணப்பம் கொடுத்தால் இரண்டு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். எங்கள் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி. கிடைத்த ஒரு இடத்தில் ஹீற்றர் இல்லை. புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் சேர் என்னை இருத்தி, இடாப்பின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒரு வசனத்தை நாலு விதமாக எழுதி வைத்திருந்தார். "மிளகாய் தமிழருடையது." "மிளகாய் தமிழருடையதும் ஆகும்." "மிளகாய் தமிழருடையது எனவும் கருதப்படும்." நாலாவதில் மிளகாயே இல்லை, "எமது உணவு மரபு தொன்மையானது" என்று மட்டும் இருந்தது.

"சேர், நீங்கள் விஞ்ஞான ஆசிரியர்" என்றேன்.

"ஓம் ரீச்சர். உண்மை ஒண்டு, பிள்ளையள் முப்பத்துநாலு. மழைக்காலத்திலை உண்மையை எங்கை இருத்துறது?"

அவர் கண்ணாடி துடைக்கவில்லை, இடாப்பை மூடவில்லை. அந்த மனிதர் அவ்வளவு வெறுங்கையோடு நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இருந்து, கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். "மிளகாய் பண்டைக் காலம் தொட்டே தமிழருடையது. சென்ற வகுப்பில் நான் சொன்னது பிழை." இரண்டே வசனம். இதைத்தான் ஊர் அறியாது. ஊர் சொல்லும் வீர ரீச்சர், பொய்யை எழுதி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை படி இறங்கினாள்.

சிவராசா அண்ணை ஒரு சாட்சியையும் அழைத்திருந்தார். தான் போகிற கோயிலின் ஐயர். வேட்டிக்கு மேலே தடித்த குளிர்ச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. மேலேயிருந்து கதிரை கொண்டு வந்து அவரை இருத்தினார்கள். சேர் கரும்பலகைக்கு அருகே நின்றார். பிள்ளைகள் ஏதோ கலைநிகழ்ச்சி நடக்கப் போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் தாளை எடுத்தேன். முன் வாங்கில் இருந்த ஆரணி, "அதிலை என்ன ரீச்சர்?" என்றாள். "சாமான் லிஸ்ற்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய். இரண்டாவது பொய் கையில் இருந்தது.

"ஐயா, ரீச்சர் ஒரு திருத்தம் சொல்லப் போறா. நீங்கள் இருந்து கேக்க வேணும்" என்றார் சிவராசா அண்ணை.

"என்ன திருத்தம்?"

"மிளகாய் ஆற்றை எண்டு."

ஐயர் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அது சிவராசா அண்ணைக்கும் தெரியும், எப்படியோ மறந்துவிட்டார்.

"மிளகாயோ? உதுக்கேன் என்னைக் கூப்பிட்டனீர்?" என்று சிரித்தார் ஐயர். "எங்கட மடைப்பள்ளிக்குள்ளை மிளகாய் விடுறேல்லையே. என்ர அப்பாவும் விடேல்லை, அவற்றை அப்பாவும் விடேல்லை. படையலுக்கு உறைப்பு வேணுமெண்டால் மிளகுதான். வீட்டிலை திவசத்துக்கும் அப்பிடித்தான். சின்னனிலை நான் ஏன் எண்டு கேட்டனான். அது பிறகு வந்த சாமான், சாமிக்குப் பழக்கமில்லை எண்டு அப்பா சொன்னவர்."

சிவராசா அண்ணை ஐயரைப் பார்த்த பார்வை, வழக்குப் போட்டவன் தன் சொந்த அப்புக்காத்தைப் பார்க்கிற பார்வை. சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஆரணி கை உயர்த்தினாள். அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஐயா, மிளகாய் வந்து ஐந்நூறு வருசம். இன்னும் சாமியிட்டை உள்ளை விடேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப இன்னும் காட் குடுக்கேல்லை."

வதிவிட அட்டையைத்தான் எங்கள் பிள்ளைகள் காட் என்பார்கள். பேசப் பழகும்போதே பழகிவிடுகிற சொல். ஐயர் சிரிக்கப் போனார். ஆரணி சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"எங்கட அப்பாவுக்கும் இன்னும் குடுக்கேல்லை. மூண்டு தரம் இல்லையெண்டு கடிதம் வந்தது. அவர் வந்து ஒம்பது வருசம்தான். ஐந்நூறு வருசமெண்டால் கனக்க" என்றாள். அழவில்லை. கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துத்தான் சொன்னாள்.

ஐயர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "பிள்ளை, மடைப்பள்ளியிலைதான் விடேல்லை. வீட்டிலை எல்லாரும் உள்ளை விட்டாச்சு. மிளகாய் இல்லாமல் எங்கட வீட்டிலை ஒரு நாளும் அடுப்பு மூட்டுறேல்லை. இனி ஆர் வந்து அதை வெளியாலை போ எண்டு சொல்லுறது?"

சிவராசா அண்ணை படிப்பக்கம் திரும்பி நின்றார். அவரே பதினொரு வருடம் காட்டுக்காகக் காத்திருந்தவர் என்பது எனக்குத் தெரியும். "பாடத்தை நடத்துங்கோ ரீச்சர்" என்றார். ஏறப் போனவர் திரும்பி வந்து கை நீட்டினார்.

"அந்தத் துண்டைத் தாங்கோ."

ஒளிக்க இடமில்லை. கொடுத்தேன். படியில் நின்று வாசித்தார். இரண்டு வசனம்தான், ஆனால் கன நேரம் வாசித்தார்.

"ஐயர் முந்தியிராட்டி இதைச் சொல்லியிருப்பியளோ?" என்று மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"ஓம் அண்ணை."

"நீங்கள் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பன் ரீச்சர்."

அதைச் சொல்லிவிட்டு, தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடக் கடுமையாக என்னை யாரும் பேசியதில்லை. அன்றைக்குப் பாடம் நடத்தினேன், எதை நடத்தினேன் என்று நினைவில்லை. முடிந்ததும் வெண்கட்டியை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். சேர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லது" என்றார். நாலாவது வகை. அதற்குப் பொருள் எனக்கு இன்றுவரை தெரியாது.

அறை போகவில்லை. அதைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை. அச்சடித்து வைத்திருந்த பைக்கற்றுகளை வீணாக்க மனமில்லாமல், சிவராசா அண்ணை எங்களிடம் மிஞ்சிய ஸ்ரிக்கர்களை வாங்கி "மூவாயிரம்" என்ற சொல்லுக்கு மேல் ஒட்டினார். சில மாதங்கள் லா சப்பலில் "அமெரிக்கா ஆண்டுப் பாரம்பரியச் சுவை" என்ற மிளகாய்த்தூள் விற்றது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு புதிதாக அச்சடித்தார்: "ஐந்நூறு ஆண்டுப் பாரம்பரியச் சுவை." அப்போதுதான் சனம் கேட்கத் தொடங்கியது. "என்ன அண்ணை, மிச்சம் ரெண்டாயிரத்து ஐந்நூறும் எங்கை போச்சு?" என்பார்கள். "கீழை பள்ளிக்கூடத்திலை போய்க் கேளுங்கோ" என்பார்.

ஆரணியின் அப்பாவுக்கு அடுத்த வருடம் காட் கிடைத்தது. அதற்கும் மிளகாய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அவர் கடைக்கு வந்து ஐந்து பைக்கற் வாங்கிக்கொண்டு போனார்.

என் தாள் காசு மேசை லாச்சிக்குள் இருந்தது. பிள்ளைகள் சத்தம் என்றோ, லைற்றை நிற்பாட்டவில்லை என்றோ அண்ணைக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தால், அவர் லாச்சியை ஒரு விரற்கடை இழுப்பார். மடித்த தாளின் நுனி தெரியும். நான் உடனே கப்பலைத் திருப்பிவிடுவேன். இப்படியே ஒன்பது வருடம் ஓடியது.

நான் ஓய்வு பெற்ற நாளில் பிரியாவிடை வைத்தார்கள். சேர் ஒரு புதிய வெண்கட்டிப் பெட்டியைப் பரிசாகத் தந்தார். உடைக்காத பெட்டி. சிவராசா அண்ணை ஒரு கிலோ மிளகாய்த்தூள் பைக்கற்றைப் பொன்னாடை சுற்றித் தந்தார். வீட்டுக்குப் போய்ப் பிரித்தேன். பைக்கற்றின் முதுகில் ஒரு "அமெரிக்கா" ஸ்ரிக்கரால் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. என் இரண்டு வசனங்களுக்கும் கீழே சிவப்புப் பேனாவால் கோடு. ஓரத்தில் ஒரு பெரிய பிழை அடையாளம், வாழ்நாளில் முதல் தடவை போடுகிறவர் போட்ட மாதிரி, கோணலாக. அதற்குக் கீழே, ஆசிரியர்கள் எழுதுவது போலவே எழுதியிருந்தார்: "திருத்தி எழுதுக."

தாளை எடுத்துப் பைபிளுக்குள் வைத்தேன். மூன்று வருடமாக அங்கேயே கிடந்தது. அபிரா தொலைபேசி எடுத்த அன்றுதான் வெளியே எடுத்தேன்.

அபிரா, திரையை நிற்பாட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ரிக்கரை உரிக்க மறக்காதீர்கள். என்னைப் பற்றிக் கேட்டால், இதில் எழுதியபடியே சொல்லுங்கள்.

சிவராசா அண்ணை, மிளகாய் கடல் கடந்து வந்தது. சென்ற தடவை நான் எழுதியது பிழை. திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துப் புள்ளி போடுங்கோ.